சீனியைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு நாய் சீனி 2022 ஜூலையில் கண்ணை மூடினாள். திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்கும், விசேட தேவையுள்ள பிள்ளைகள் வந்துபோகும் ஒரு நிலையத்துக்கும் எட்டு வருடத்துக்கு மேலாக சிகிச்சைத் துணை நாயாக என்னோடு வந்துபோனவள். இன்றைக்கும் சந்தைக்குள், பஸ்ஸுக்குள், பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் என்று கண்ட இடமெல்லாம் யாராவது மறித்து அவளைப் பற்றிக் கேட்பார்கள். நின்ற நிலையில் அரைகுறையாகச் சொல்லிவிட்டு வருவது மனதுக்குச் சரியாகப் படவில்லை. அதனால் ஆட்கள் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் ஆறுதலாக இருந்து எழுதியிருக்கிறேன். நாயை "அது" என்று எழுதுவதுதான் முறை. சீனியை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.

சீனி என்ன சாதி நாய்? எங்கே வாங்கினீர்கள்?

வாங்கவில்லை. 2011 ஜனவரியில் கிழக்கு மாகாணம் தண்ணீருக்குள் கிடந்ததே, அந்த வெள்ளத்தில் கிடைத்தவள். நிலாவெளி வீதியில் ஒரு மதகடியில் நனைந்த சாக்குக்குள் மூன்று குட்டிகள். இரண்டில் உயிர் இல்லை. மூன்றாவது என் விரலைச் சூப்பியது. சுத்தமான ஊர் நாய். ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றது மடிந்து விழும். நிறம் அப்படியே கடையில் நிறுத்துத் தரும் சிவப்புச் சீனி. அதுதான் பெயராகிவிட்டது.

அந்தப் பெயரால் முதியோர் இல்லத்தில் ஒரே சிரிப்பு. அங்கே பாதிப் பேருக்குச் சீனி வருத்தம். "டொக்டர் எனக்குச் சீனி தொடக்கூடாது எண்டவர், இந்தச் சீனியை மட்டும் தடவுவன்" என்று ஒரு ஐயா கிழமை தவறாமல் சொல்லுவார். கிழமை தவறாமல் எல்லாரும் சிரிப்பார்கள்.

சிகிச்சைத் துணை நாய் என்றால் என்ன? கண் தெரியாதவர்களைக் கூட்டிக்கொண்டு போகும் நாயா?

இல்லை, அது வழிகாட்டி நாய். அது ஒரே ஒருவருக்காக, வருடக்கணக்கில் தனிப் பயிற்சி எடுத்து, அவரோடேயே வாழ்வது. சிகிச்சைத் துணை நாய் வீட்டு நாய்தான். அதன் சொந்தக்காரரோடு வைத்தியசாலைக்கோ முதியோர் இல்லத்துக்கோ பாடசாலைக்கோ போய், அங்கே இருக்கிறவர்களோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரும். வித்தை ஒன்றும் காட்டத் தேவையில்லை. பக்கத்தில் இருப்பதுதான் வேலை.

நாய் நோயை மாற்றும் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. பழகிய நாயைத் தடவும்போது மனிதருக்கும் நாய்க்கும் ஒட்சிடோசின் என்ற சுரப்பு கூடுவதும், மன இறுக்கம் தணிவதும் ஆராய்ச்சிகளில் பதிவாகியிருக்கின்றன. நான் கண்ணால் கண்டது அதைவிட எளிமையானது. சாப்பிட மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தவர்கள், சீனி வரும் நாளில் எழும்பித் தலை வாரிக்கொண்டு கதிரையில் வந்து இருப்பார்கள்.

இப்படி ஒரு வழக்கம் எங்கே தொடங்கியது?

நோயாளிக்குச் சின்னப் பிராணி ஒன்று நல்ல துணை என்று புளோரன்ஸ் நைட்டிங்கேல் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். ஆனால் முதல் சிகிச்சைத் துணை நாய் என்று பலரும் சொல்வது ஸ்மோக்கி என்ற யோர்க்‌ஷயர் டெரியர் இனக் குட்டி நாயை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944இல், நியூ கினியாக் காட்டில் ஒரு பதுங்கு குழிக்குள் கிடந்தது. வில்லியம் வின் என்ற அமெரிக்கப் படைவீரர் இரண்டு அவுஸ்திரேலிய பவுணுக்கு அதை வாங்கினார். நிறை இரண்டு கிலோவுக்கும் குறைவு. வின்னுக்கு டெங்கு வந்து வைத்தியசாலையில் கிடந்தபோது நண்பர்கள் ஸ்மோக்கியைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். பிறகு தாதிமார் அதைக் காயப்பட்ட மற்றவர்களிடமும் கொண்டுபோகத் தொடங்கினார்கள். டெங்கு என்றால் என்னவென்று நமது ஊரில் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எலும்பு முறிகிற மாதிரி நோவோடு கிடக்கிறவனின் கட்டிலில் இரண்டு கிலோ நாய் ஏறிப் படுத்திருப்பதை யோசித்துப் பாருங்கள்.

1960களில் நியூயோர்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற சிறுவர் உளவியலாளர், தன்னிடம் வாய் திறக்காத பிள்ளை தன் நாய் ஜிங்கிள்ஸ் அறையில் இருந்தபோது அதனோடு ஒட்டிக்கொண்டதைக் கண்டு எழுதினார். சக உளவியலாளர்கள் சிலர் அவரைக் கேலி செய்தார்கள். அவர் விடவில்லை.

ஊர் நாயை இந்த வேலைக்குப் பழக்க முடியுமா?

முடியும். இனத்தைவிடக் குணம் முக்கியம். சத்தத்துக்கு வெருளக்கூடாது, ஆள் புதிது என்று குரைக்கக்கூடாது, வாலைப் பிடித்து இழுத்தாலும் திரும்பிப் பல்லைக் காட்டக்கூடாது. இரண்டு வயது கழிய முதல் ஒரு நாயின் குணம் முழுதாகத் தெரியாது. நாங்களும் 2013 வரைக்கும் பொறுத்திருந்துதான் கூட்டிக்கொண்டு போனோம்.

பயிற்சிக்கு எங்கள் ஊரே பெரிய உதவி. திருகோணமலை நகரத்துக்குள் புள்ளிமான்கள் ஆடு மாடு மாதிரித் திரியும். பிரெட்ரிக் கோட்டை வாசலிலும் கடற்கரை மைதானத்திலும் விடிய நேரம் கூட்டமாக நிற்கும். மானைக் கண்டால் துரத்தாத நாய் எங்கே இருக்கிறது? ஆறு மாதம், ஒவ்வொரு நாள் விடியவும் சீனியை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் மான்களுக்குப் பக்கத்தில் இருத்தினேன். முதல் மாதம் முழுக்க என் உள்ளங்கை கயிறு வெட்டிச் சிவந்து போயிருந்தது. ஆறாம் மாதம், குட்டி மான் ஒன்று வந்து அவள் மூக்கை மணந்தது. சீனி அசையவில்லை. தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் இவள் சரி என்று முடிவெடுத்தேன்.

ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்?

பச்சை நிறத்தில் ஒரு துணித் துண்டு வைத்திருந்தேன், என் பழைய சேலையில் கிழித்தது. அதைக் கழுத்தில் கட்டினால் வேலை, அவிழ்த்தால் விளையாட்டு. கட்டிய உடனே சீனியின் நடையே மாறிவிடும். போகும்போது அவள் பாய், அவள் தண்ணீர்ப் பேணி, அவள் சீப்பு எல்லாம் என் பையில்.

அந்தச் சீப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா இருந்தார். பாரிசவாதம் வந்து வலது கை மூடிப்போய்விட்டது. விரலைப் பழக்க ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். "சின்னப்பிள்ளை வேலை" என்று அதை யன்னலால் எறிந்துவிட்டார். ஒருநாள் நான் சீனிக்கு மயிர் வாரிக்கொண்டிருந்தபோது, "நீ வாரிறது பிழை, பிள்ளை. மயிர் போற பக்கம் வார்" என்றார். சீப்பை அவரிடம் நீட்டினேன். மரப்பிடி. மூடின விரல்களுக்கு நடுவில் அதைச் செருகவே கொஞ்ச நேரம் எடுத்தது. மூன்று தடவை இழுத்தார், கை விழுந்துவிட்டது. சீனி திரும்பி அந்தக் கையை மணந்து பார்த்துவிட்டு, முதுகை இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்து படுத்தாள்.

அடுத்த கிழமை ஐந்து. ஒரு வருடத்தில் எண்ணி நாற்பது. அவருடைய கை திறந்ததற்கு மருந்தும் பயிற்சியாளரின் முயற்சியும்தான் காரணம். ஆனால் பந்தை எறிந்த மனிதரை ஒவ்வொரு கிழமையும் கையை அசைக்க வைத்தது சீனியின் முதுகு.

ஒரு முறைக்கு 45 நிமிடத்துக்கு மேல் நான் வைத்திருப்பதில்லை. இது நாய்க்கும் களைப்பான வேலை. நித்திரை வராமல் கொட்டாவி விடுவது, ஒன்றும் தின்னாமல் வாயை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, முகத்தைத் திருப்புவது எல்லாம் "எனக்குப் போதும்" என்று அது சொல்லும் பாஷை. அதைக் கவனிக்கத் தெரியாதவர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு இந்த இடங்களுக்குப் போகக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

விசர்நாய்க்கடி பயம் இருக்கவில்லையா? சுத்தம்?

பயப்பட வேண்டிய விஷயம்தான். விசர்நாய் நோயின் அறிகுறி வந்துவிட்டால் மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். அதனால் தடுப்பூசியில் ஒரு வருடமும் தவறவிடவில்லை. எலிக்காய்ச்சலுக்கும் மற்றவற்றுக்கும் சேர்த்துப் போடுவோம், பூச்சி மருந்தும் நேரத்துக்குக் கொடுப்போம். தடுப்பூசி அட்டையின் பிரதி ஒன்று இல்லத்திலும் ஒன்று நிலையத்திலும் இருந்தது. போகும் நாளுக்கு முதல் நாள் கிணற்றடியில் குளிப்பு. நகத்தை வெட்டி அராவி விடுவேன், வயதானவர்களின் தோல் கடதாசி மாதிரிக் கிழியும். புண், காயம், குழாய் உள்ளவர்களிடம் போகமாட்டோம். தொட முதலும் தொட்ட பிறகும் கை கழுவவேண்டும்.

எந்த நாய் கடித்தாலும், பிறாண்டினாலும், முதலில் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு நேரே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு ஒன்றும் பூசவேண்டாம்.

முஸ்லிம் குடும்பங்களும் வரும் இடத்தில் நாயை எப்படி வைத்திருந்தீர்கள்?

நல்ல கேள்வி. இதை நாங்கள் முதல் நாளே யோசித்திருந்தோம். பிள்ளைகள் நிலையத்துக்குக் கிண்ணியாவில் இருந்தும் மூதூரில் இருந்தும் பிள்ளைகள் வருவார்கள். ஷாபி மத்ஹப் என்ற இஸ்லாமியச் சட்ட வழியின்படி நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவவேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். அதைத் தெரிந்துகொண்டு, சீனிக்கு மாமரத்தடி மட்டும்தான் என்று ஒதுக்கினோம். பிள்ளைகள் இருக்கும் அறைக்குள்ளோ தொழும் இடத்துப் பக்கமோ அவள் கால் படாது.

கிண்ணியாவில் இருந்து வந்த ஒரு தாய், "என்ட மகன் பார்க்கட்டும் ரீச்சர், தொட மட்டும் வேணாம்" என்றார். அந்தப் பையன் யாரோடும் கண் பார்த்துக் கதைக்கமாட்டான். ஒரு வாளி நிறையப் பந்து கொண்டுபோய் வைத்தேன். அவன் காய்ந்த பந்து ஒன்றை எடுத்து எறிவான். சீனி ஓடிக் கவ்விக்கொண்டு வந்து என்னிடம் தருவாள். நான் அதை வேறு பைக்குள் போடுவேன். அவன் அடுத்த காய்ந்த பந்தை எடுப்பான். முதலில் பந்தை மட்டும் பார்த்தவன், போகப்போகச் சீனியைப் பார்த்தான், பிறகு எறிய முதல் என்னைப் பார்க்கத் தொடங்கினான். ஒரு தடவையும் தொடவில்லை. தொடாமலே அவ்வளவு நடந்தது.

எப்போது வேலையை நிறுத்தினீர்கள்?

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கோடு எல்லா இடமும் பூட்டு. நீண்ட நாள் வீட்டில் இருந்தாள். திரும்பத் தொடங்கியபோது வயது பத்தை நெருங்கிவிட்டது. ஓட்டோவில் ஏறப் பின்னங்கால் தயங்கியது. படியில் நின்று என்னைப் பார்ப்பாள். கிழமைக்கு ஒரு நாள் என்பதை மாதம் ஒன்றாகக் குறைத்தோம். 2022 மார்ச்சில் ஒருநாள் பச்சைத் துணியை எடுத்தேன். வழக்கமாகக் கழுத்தை நீட்டுகிறவள் எழும்பவில்லை, வாலை மட்டும் நிலத்தில் இரண்டு தரம் அடித்தாள். துணியைத் திரும்ப மடித்து வைத்துவிட்டேன்.

அவளுக்கு என்ன வருத்தம்? ஊசி போட்டுத்தான் அனுப்பினீர்களா?

சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வயதான நாய்களுக்கு அதிகம் வருவது. தண்ணீர் அதிகம் குடிக்கும், சலம் அதிகம் போகும், மெலியும், வாயில் ஒரு கெட்ட மணம் வரும். இப்படி ஒன்றைக் கண்டால் தாமதிக்காமல் இரத்தம் சோதியுங்கள். நோவுக்கு என்று வீட்டில் இருக்கிற மாத்திரையைக் கொடுக்கவேண்டாம். நாங்கள் விழுங்கும் ஐபுபுரோபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பனடோலும் அளவு கூடினால் ஈரலைக் கெடுக்கும்.

அது எப்படிப்பட்ட ஜூலை என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நாட்டில் பொருளாதார நெருக்கடி, பெற்றோல் வரிசை நாள்கணக்கில் நின்றது, மருந்துக்கடையில் பாதித் தட்டு வெறுமை. பேராதனை மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகலாம் என்று மகன் சொன்னான். 180 கிலோமீற்றர் அளவு தூரம், எண்ணெய் இல்லை. இருந்திருந்தாலும் அந்த உடம்போடு அவளை அவ்வளவு தூரம் குலுக்கிக்கொண்டு போயிருக்கமாட்டேன். எங்கள் மிருக வைத்தியர் சைக்கிளில்தான் வந்தார், பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு. மூன்று நாள் சேலைன் ஏற்றிப் பார்த்தோம். நான்காம் நாள் தண்ணீரும் உள்ளே நிற்கவில்லை. "இனி அவளுக்கு நோவு மட்டும்தான் மிச்சம்" என்றார்.

ஆம், ஊசி போட்டோம். எப்படி நடக்கும் என்று தெரியாமல் பலர் பயப்படுகிறார்கள், அதனால் சொல்கிறேன். முதலில் மயக்க ஊசி. நாய் ஆழ்ந்து நித்திரையான பிறகு, மயக்கமருந்தையே மிகக் கூடிய அளவில் இரத்த நாளத்தில் ஏற்றுவார்கள். சில நிமிடத்தில் மூச்சு நின்று இதயம் நிற்கும். கண் மூடாது, திறந்தபடிதான் இருக்கும். பிறகும் ஒருதரம் மூச்சு இழுக்கிற மாதிரி உடம்பு துடிக்கலாம். அது தசை அசைவு, நோவு இல்லை. இதை வைத்தியர் எனக்கு முதலே சொல்லியிருந்தார். சொல்லாமல் விட்டிருந்தால் அந்தத் துடிப்பை ஆயுளுக்கும் சுமந்திருப்பேன்.

வெளி விறாந்தையில், அவளுடைய பாயில், தலை என் மடியில். கச்சான் காற்று வேலிக் கிடுகைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வளவு ஆட்களும் வந்து நின்றார்கள். ஒருவரும் கதைக்கவில்லை.

எங்கே அடக்கம் செய்தீர்கள்? எதைக் கவனிக்க வேண்டும்?

எங்கள் வளவிலேயே, பூவரசுக்குக் கீழே. கடற்கரை ஊரில் இருக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஜூலையில் நாலடி வெட்டினாலும் மணல் காய்ந்துதான் இருக்கும். அதை நம்பிப் பள்ளத்தில் வெட்டினால் மாரியில், கார்த்திகை மார்கழியில், நிலத்தண்ணீர் மேலே வந்து குழிக்குள் நிற்கும். பிறகு அது கிணற்றுக்கும் வரும். அதனால் வளவின் மேட்டுப் பக்கமாக, கிணற்றில் இருந்து எவ்வளவு தூரம் போகமுடியுமோ அவ்வளவு தூரத்தில் வெட்டவேண்டும். நாலடி ஆழமாவது வேண்டும். பொலித்தீனில் சுற்றாதீர்கள், பருத்தித் துணி போதும். மேலே கல் அடுக்குங்கள், ஊர் நாய்கள் தோண்டும். ஊசி போட்ட நாய் என்றால் இது இன்னும் முக்கியம். அந்த மருந்து உடம்பில் அப்படியே தங்கும், தோண்டித் தின்னும் பிராணிக்கு நஞ்சாகும்.

கன்னியாவில் கிரியை செய்தீர்களா?

இதைப் பலர் கேட்டார்கள், சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு. செய்யவில்லை. கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. இராவணன் தாய்க்குக் கடன் கழிக்க உண்டானவை என்பது ஐதீகம். செத்தவருக்கு 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் போகும் இடம். என் அப்பாவுக்கும் அங்கேதான் செய்தோம். நாய்க்கு என்று போய் அங்கே நிற்க எனக்கு மனம் வரவில்லை, மற்றவர்களின் துக்கத்துக்குரிய இடம் அது. 31ஆம் நாள் அம்மாவே ஒரு பெரிய பானையில் சோறும் மீன்தலையும் அவித்தார். வீதி நாய்கள் பதினொன்று வந்து தின்றன. அம்மா பின்னேரம் கோயிலுக்குப் போய் வைரவருக்கு ஒரு விளக்கு ஏற்றிவிட்டு வந்தார். நாயை வாகனமாக வைத்திருக்கிற தெய்வத்துக்கு விளங்கும் என்றார். நான் கேட்டுச் செய்ததில்லை, அவராகவே செய்தது.

முதியோர் இல்லத்தில் எப்படிச் சொன்னீர்கள்?

நான் சொல்லவில்லை. என் பிழை அது. மூன்று கிழமை பொய் சொன்னேன். "சீனிக்குச் சுகமில்லை, வீட்டில் படுத்திருக்கிறாள்" என்றேன். வயது போனவர்கள், இதயம் தாங்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குத்தான் அந்தச் சொல் வாயில் வரவில்லை.

அங்கே ஒரு அம்மம்மா. பின்னேரத் தேத்தண்ணியோடு ஆளுக்கு ஒரு மாரி பிஸ்கட் கொடுப்பார்கள். அந்த வருடம் பிஸ்கட் விலை உங்களுக்குத் தெரியும், இரண்டாவது கிடையாது. அம்மம்மா தன்னுடையதை நேர் நடுவில் முறித்து, பாதியைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுவிட்டு, மற்றப் பாதியைச் சீனிக்கு எடுத்து வைப்பார். மூன்றாவது கிழமை நான் போனபோது லேஞ்சி முடிச்சு ஒன்றை என் கையில் வைத்தார். அவிழ்த்தேன். ஏழு பாதிகள். தூளாகி, எறும்பு ஓடிக்கொண்டிருந்தது. "குடு, பிள்ளை" என்றார்.

அன்று இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. அடுத்த நாளே போய் அவர் கட்டிலில் இருந்தேன். சொன்னேன்.

"எனக்குத் தெரியும், பிள்ளை. உன்ர சேலையில மயிர் இல்லை."

எட்டு வருடமாக ஒரு நாளும் நாய்மயிர் ஒட்டாமல் நான் அங்கே போனதில்லை. மூன்று கிழமையாக அவர் என் சேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு ஏன் பிஸ்கட் தந்தீர்கள் என்று கேட்டேன். "நீ சொல்லுற வரைக்கும் நான் எப்பிடி முதல்ல சொல்லுறது?" என்றார். என்னுடைய பொய்யை எனக்காக அவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

பின்னேரம் தேத்தண்ணி நேரத்தில் எல்லாரையும் விறாந்தைக்குக் கூப்பிட்டு, எந்த நாள், என்ன வருத்தம், யார் பக்கத்தில் இருந்தது, எங்கே புதைத்தது என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். அழுதார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவரவர் கதை வந்தது. ஒரு அம்மா 2004 சுனாமியில் போன மகனைப் பற்றிச் சொன்னார். உடம்பு கிடைக்கவில்லை, அதனால் எங்கே போய் அழுவது என்று தெரியாமல் இருந்தேன் என்றார். அத்தனை வருடத்தில் அவர் அதைப் பற்றிக் கதைத்து யாரும் கேட்டதில்லை.

இதே நிலையில் இருக்கிறவர்களுக்கு: சொல்லுங்கள். ஒரு கிழமைக்குள் சொல்லுங்கள். நேரே போய், இருந்து, கையைப் பிடித்துச் சொல்லுங்கள். தாதிமாரிடம் சொல்லிவிட்டு வரவேண்டாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

"செத்துப்போச்சு" என்ற சொல்லையே சொல்லவேண்டும். "நித்திரை கொண்டிட்டுது" என்றால் பிள்ளை இரவில் நித்திரைக்குப் பயப்படும். "ஓடிப்போச்சு" என்றால் வீதியெல்லாம் தேடும், தன்னில் கோபித்துப் போய்விட்டது என்றும் நினைக்கும். உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி நோவு இல்லை, திரும்ப வரமாட்டாள். இவ்வளவுதான். திரும்பத் திரும்பக் கேட்பார்கள், ஒவ்வொரு முறையும் அதே பதிலைப் பொறுமையாகச் சொல்லுங்கள். பந்து எறிந்த பையனிடம் அவனுடைய உம்மாவே சொன்னார். அவன் வாளியில் இருந்த பந்துகளை எண்ணினான், அவ்வளவுதான். அடுத்த கிழமை மாமரத்தடிக்குப் போய் ஒரு பந்தை எறிந்துவிட்டு, தானே ஓடி எடுத்து வந்து என்னிடம் தந்தான்.

"ஒரு நாய்க்காகவா இவ்வளவு அழுகை?" என்று கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?

யுத்தமும் சுனாமியும் பார்த்த ஊர் இது. மனிதருக்கே அழ நேரம் கிடைக்காத காலம் இருந்தது. அதனால் அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்கும், கோபம் இல்லை. ஊர் ஏற்றுக்கொள்ளாத துக்கத்துக்கு 1989இல் கென்னத் டோகா என்ற அமெரிக்கப் பேராசிரியர் தனியாக ஒரு பெயரே வைத்தார். செத்தவீடு இல்லை, லீவு இல்லை, "என்ன நடந்தது" என்று கேட்டு வருகிறவர் இல்லை. அப்படிப்பட்ட துக்கம் உள்ளுக்குள் கிடந்து அதிக நாள் வருத்தும் என்றார். எனக்கு அது சரியாகப் பட்டது. உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் நாய் செத்தால், ஒருதரம் போய்ப் படலையில் நின்று விசாரியுங்கள். எங்கள் வீட்டுக்கு அப்படி வந்தவர்கள் யார் யார் என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

நினைவாக ஏதாவது வைத்தீர்களா?

ஸ்மோக்கி 1957இல் செத்தது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் அதைப் புதைத்த இடத்தில், இராணுவத் தலைக்கவசத்துக்குள் அது இருக்கிற மாதிரி ஒரு சிலை 2005இல் வைத்தார்கள். எங்களுக்குச் சிலை வேண்டாம். இல்லத்து விறாந்தையில் ஒரு படம் இருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு ஜூலையும் எங்கள் ஒழுங்கையில் உள்ள வீதி நாய்களுக்குத் தடுப்பூசி போட ஆள் சேர்த்து மிருக வைத்தியருக்கு உதவுகிறோம். பூவரசடியில் நிற்பதைவிட அந்த நாளில்தான் எனக்கு மனம் ஆறுகிறது.

இன்னொரு நாய் எடுப்பீர்களா?

வளவுக்குள் ஒன்று தானாகவே வந்து இருக்கிறது, கறுப்பு, முரட்டுப் பயல். நல்ல காவல் நாய். சீனியின் வேலைக்குச் சரிவராது, அவனைக் கட்டாயப்படுத்தவும் மாட்டேன். குணம் உள்ள குட்டி ஒன்று கிடைத்தால் மான்களிடம் கூட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பேன்.

அவளுடைய சாமான்கள்?

பாயை அவளோடேயே வைத்துப் புதைத்தோம். பச்சைத் துணி என் அலுமாரியில். தண்ணீர்ப் பேணியைக் கறுப்பன் எடுத்துக்கொண்டான்.

சீப்பு அந்தத் துறைமுகத்து ஐயாவிடம். கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது அவரே சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொள்கிறார். ஆனாலும் விடிய எழும்பினதும் அந்தச் சீப்பை வலது கையில் பிடித்து, கட்டில் விரிப்பில் நாற்பது தரம் இழுப்பார். பல்லுக்குள் சிவப்பு மயிர் இன்னும் கொஞ்சம் சிக்கிக் கிடக்கிறது. கூட்ட வந்த பிள்ளை ஒருநாள் அதைக் கழுவ எடுத்தாளாம். கழுவ விடவில்லை.